412 பேர் வந்தார்கள், 38 பேர் பஸ் ஏறினார்கள்: ஒரு சேவைச் சங்கத்தின் கண் முகாம்

பின்னணி

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். அங்கே 30 ஆண்டுகளுக்கு மேலாக இயங்கிவரும் ஒரு சேவைச் சங்கம். 1905ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரியின் கிளையா, அதே சிகாகோவில் 1917ல் மெல்வின் ஜோன்ஸ் தொடங்கிய அரிமா சங்கத்தின் கிளையா என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டிலும் கூட்டம் நடக்கும் விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சறுக்கும் இடமும் ஒன்றுதான்.

உறுப்பினர்கள் 41 பேர். ஜவுளிக்கடை, அரிசி மண்டி, நகைக்கடை, ஆடிட்டர், இரண்டு டாக்டர்கள், ஒரு மெட்ரிக் பள்ளித் தாளாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று எந்த ஊரிலும் இருக்கும் கலவை. எனக்கு ஹார்டுவேர் கடை. 2023-24ல் நான் செயலாளர். கீழே வரும் தவறுகளில் பாதி என் கையெழுத்தோடு நடந்தவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சங்கத்தின் ஆண்டு ஜூலை 1ல் பிறக்கும். புதுத் தலைவர் ஜூலையில் பதவியேற்பார், அடுத்த ஜூன் 30 வரை அவர் காலம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கூட்டம் மாதத்தில் இரண்டு: இரண்டாம் சனி, நான்காம் சனி. ஒரு ஓட்டலின் மாடி ஹாலில் இரவு 7 மணிக்கு என்று அழைப்பிதழில் இருக்கும். தலைவர் மணியடிக்கும்போது 7.45 ஆகியிருக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, கொடி வணக்கம், உறுதிமொழி, வரவேற்புரை, செயலாளர் அறிக்கை, அந்தப் பதினைந்து நாளில் பிறந்தநாளும் திருமண நாளும் வந்தவர்களுக்கு வாழ்த்து, விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. இதற்குள் 9 மணி. கீழே சமையல்கட்டிலிருந்து பரோட்டா தட்டும் சத்தம் மேலே கேட்க ஆரம்பித்துவிடும். அப்போதுதான் சிறப்பு விருந்தினர் கையில் மைக் வரும்.

விருந்தினர்கள் யார் என்றால், கிடைப்பவர்கள். ஜிஎஸ்டி பற்றி ஆடிட்டர், சர்க்கரை நோய் பற்றி டாக்டர், தன்னம்பிக்கைப் பேச்சாளர், பட்டிமன்றக்காரர், யோகா ஆசிரியர். பேசுவார்கள், கைதட்டுவோம், நினைவுப் பரிசு கொடுப்போம், சாப்பிடப் போவோம். அந்தப் பேச்சால் சங்கத்தில் ஏதாவது ஒன்று மாறியதா என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்போம். 41 பேரில் கூட்டத்துக்கு வருபவர்கள் 16, 17 பேர். தேர்தல் கூட்டத்துக்கு மட்டும் எல்லோரும் வருவார்கள்.

ஜூலை முகாம்

புதுத் தலைவரின் முதல் பெரிய நிகழ்ச்சியாக இலவசக் கண் பரிசோதனை முகாம் முடிவானது. இதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. 1925ல் அமெரிக்காவின் சீடர் பாயிண்டில் நடந்த அரிமா மாநாட்டில், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாகுங்கள் என்று ஹெலன் கெல்லர் கேட்டுக்கொண்டதிலிருந்தே சேவைச் சங்கம் என்றால் கண் என்று ஆகிவிட்டது. நம் பக்கம் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1976ல் மதுரையில் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய பிறகு, ஊர்ச் சங்கம் இடமும் விளம்பரமும் சாப்பாடும் கொடுக்க, மருத்துவமனை டாக்டர்களை அனுப்பி, கண்புரை உள்ளவர்களைத் தன் பஸ்ஸில் கூட்டிப்போய், இலவசமாக அறுவை செய்து திருப்பி அனுப்பும் முறை தென்மாவட்டங்களில் ஊறிப்போனது. பல மருத்துவமனைகள் இன்று இப்படித்தான் செய்கின்றன. எங்களுக்கு வந்தது வேறொரு மருத்துவமனை, பெயர் தேவையில்லை. அவர்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை.

2023 ஜூலை கடைசி ஞாயிறு. இடம் அரசுப் பள்ளி. மருத்துவமனைக் குழு 7.45க்கே வந்து மேசை போட்டுவிட்டது. மக்கள் அதற்கும் முன்னால் வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் தொடக்க விழா 9 மணிக்கு. தலைமை விருந்தினர் வந்தது 10.15க்கு. குத்துவிளக்கு, பதினொரு பொன்னாடை, ஆறு பேச்சு. பேச்சு முடியும்வரை பரிசோதனையைத் தொடங்க வேண்டாம், கூட்டம் கலைந்துவிடும் என்று டாக்டரிடம் போய்ச் சொன்னது நான்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். 11 மணிக்குத்தான் முதல் ஆளைப் பார்த்தார்கள். கிராமத்துக்கு 12.30 பஸ்ஸை விட்டால் அடுத்தது 4 மணிக்கு என்பதால் பலர் கையில் பாதி நிரப்பிய சீட்டோடு எழுந்து போனார்கள்.

மறுநாள் செய்தித்தாளில் வந்தது: '412 பேர் பயன்பெற்றனர்'. அந்த எண் பதிவு மேசையில் எழுதியது. நானே செய்தியாளருக்குச் சொன்னேன். சங்கத்தின் மாவட்டத் தலைமைக்குப் போகும் அறிக்கையிலும் 412 என்றே எழுதினோம்.

விருந்தினர் கேட்ட கேள்வி

ஆகஸ்ட் நான்காம் சனிக்கிழமைக்கு ஏற்பாடு செய்திருந்த பேச்சாளர் கடைசி நேரத்தில் வரவில்லை. வேறு வழியில்லாமல், முகாமுக்கு வந்த மருத்துவமனையின் முகாம் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டோம். டாக்டர் இல்லை, ஊர் ஊராகப் போய் முகாம் பேசி முடிப்பவர். அன்றும் அவருக்கு மைக் கிடைத்தது 9.05க்கு. எட்டு நிமிடம் பேசினார். நன்றி சொல்லிவிட்டு, உட்காரப் போகும் முன் சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"உங்க முகாம்ல ஆபரேஷனுக்கு 67 பேரை எழுதிக் கொடுத்தோம். பஸ் ஏறுனது எத்தனை பேர்னு தெரியுமா சார்?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் புரட்டினேன். அதில் பந்தல் பில், ஃப்ளெக்ஸ் பில், பொன்னாடை பில், சாப்பாட்டு பில், செய்தித்தாள் நறுக்கு எல்லாம் இருந்தது. அந்த எண் இல்லை.

"38" என்றார் அவர். "29 பேர் வரலை. எல்லா ஊர்லயும் கொஞ்சம் பேர் விட்டுப்போவாங்க. இங்க கொஞ்சம் ஜாஸ்தி."

ஹாலில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் வழக்கம்போல நினைவுப் பரிசு கொடுத்தோம்.

சாப்பாட்டு மேசையில் பேச்சு தொடர்ந்தது. விட்டுப்போனவர்களைத் தேடிப் போகலாமா என்று தலைமையாசிரியர் கேட்டார். முன்னாள் தலைவர் ஒருவர், "அது ஆஸ்பத்திரி வேலைங்க. நம்ம வேலை ஏற்பாடு பண்றது" என்றார். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் சரியென்று பட்டது. எனக்கும்தான்.

பேச்சைத் திருப்பியது ஒரு உறுப்பினரின் மனைவி. ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். குடும்பத்தோடு வரும் கூட்டம் என்பதால் அன்று இருந்தார். "போலியோவுக்கு நாங்க என்ன செஞ்சோம்? சொட்டு மருந்து போட்ட வீட்டுக் கதவுல 'பி'ன்னு எழுதுவோம். பிள்ளை வெளிய போயிருந்த வீடு, வேண்டாம்னு சொன்ன வீடு, அதுக்கு 'எக்ஸ்'. சாயந்திரம் எண்ணிப் பாக்குறது 'பி'யை இல்ல, 'எக்ஸ்'ஐ. அடுத்த நாள் அந்த வீட்டுக்குத்தான் போவோம்" என்றார்.

எங்களுக்கு அது உறைத்ததற்குக் காரணம் உண்டு. போலியோ ஒழிப்பைப் பற்றி நாங்கள் மேடையில் பேசாத ஆண்டு கிடையாது. ரோட்டரி 1985ல் அதைக் கையில் எடுத்ததும், இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டதும், 2014 மார்ச் 27ல் சான்றிதழ் கிடைத்ததும் எங்களில் பலருக்கு மனப்பாடம். எக்ஸ் போட்ட வீடு யாருக்கும் தெரியாது.

வீடு தேடிப் போனதில் கண்டது

செப்டம்பரில் நான்கு ஞாயிறு. நான்கு பேர்: தலைமையாசிரியர், செவிலியர் அம்மா, ஜவுளிக்கடை இளைஞர் ஒருவர், நான். மருத்துவமனை கொடுத்த பட்டியலில் 29 பெயர். முகவரி என்ற இடத்தில் ஊர்ப் பெயர் மட்டும்தான். பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள். ஒரே ஊரில் மூன்று பேருக்கு ஒரே பெயர். அப்படியும் 25 பேரைக் கண்டுபிடித்தோம்.

பயத்தினாலும் அறியாமையாலும் வராமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினோம். பயம் என்று சொன்னவர்கள் இரண்டே பேர். கண்ணை வெளியே எடுத்து வைத்துக் கழுவுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எட்டுப் பேர் சொன்ன காரணத்தைக் கேட்டு எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. ஆடி மாதம். இரண்டு கிராமத்தில் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக்கூடாது. "கண்ணைக் காட்டிட்டு வருவோம்னுதான் வந்தோம் சாமி. ராத்திரி தங்கணும்னா எப்படி வர்றது?" என்றார் ஒருவர். எங்கள் 41 பேரில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஒரு கிராமமும் கோயிலும் உண்டு. காப்பு என்றால் என்னவென்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஆனால் முகாம் தேதி குறிக்கும்போது எங்கள் கண் முன்னால் இருந்த நாட்காட்டி சங்கத்துடையது. ஜூலையில் புதுத் தலைவர், ஜூலைக்குள் முதல் நிகழ்ச்சி. ஜூலை பாதிக்கு மேல் ஆடி.

ஆறு பேர் வீட்டில் சொல்லாமல், மாற்றுத்துணி இல்லாமல் வந்தவர்கள். அன்றைக்கே பஸ்ஸில் கூட்டிப்போவார்கள், இரண்டு மூன்று நாள் தங்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. தலைமையாசிரியர் பையிலிருந்து எங்கள் நோட்டீஸை எடுத்து ஒரு வீட்டுத் திண்ணையில் விரித்தார். ஒன்பது புகைப்படம். தலைவர், செயலாளர், பொருளாளர், நன்கொடையாளர்கள். கீழே ஓட்டல் விளம்பரம், அதற்கும் கீழே ஓரத்தில் எறும்பு எழுத்தில், 'அறுவைக்குத் தேர்வாகிறவர்கள் மாற்றுத்துணியுடன் வரவும்'. கண் தெரியாதவர்களுக்கான நோட்டீஸ் அது. அந்த வீட்டு ஆத்தா நோட்டீஸைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு கல்யாணம்?" என்று கேட்டார்.

ஐந்து பேர் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கூடுதலாக இருந்ததால் மருத்துவமனைக் குழுவே நிறுத்திவைத்தவர்கள். குறைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே போய்க் குறைப்பது, மறுபடி எப்போது, யாரிடம் வருவது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அது எங்கள் ஆளாக இருந்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் அப்போது தலைமை விருந்தினரைக் காரேற்றிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று பேருக்கு ஆடு மாட்டையும் பேரப்பிள்ளையையும் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒருவர் ஏற்கெனவே வேறிடத்தில் அறுவை செய்துகொண்டுவிட்டார்.

இனி சொல்வதுதான் எங்களைத் தூங்கவிடாதது. காப்பு என்று திரும்பிப் போன எட்டுப் பேரில் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர். வலது கண்ணில் முற்றிய புரை. ஆகஸ்ட் கடைசியில் அந்தக் கண் சிவந்து, தாங்க முடியாத வலி. கண்வலி என்று நினைத்து மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கிறார்கள். செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு நாங்கள் போனபோது தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். அன்றே காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். புரை முற்றி லென்ஸ் உப்பி, கண்ணின் உள்ளழுத்தம் ஏறியிருக்கிறது, நரம்பு கெட்டுவிட்டது என்றார்கள். வலி தீர வைத்தியம் செய்தார்கள். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

முகாமில் அவரிடம், திருவிழா முடிந்ததும் இந்தத் தேதியில் வாருங்கள், நாங்கள் கூட்டிப்போகிறோம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். திருவிழா அடுத்த வாரமே முடிந்துவிட்டது.

எடுத்த முடிவுகளும் சண்டைகளும்

அக்டோபரில் மருத்துவமனையிடம் பேசி, வேன் வைத்து 14 பேரைக் கூட்டிப்போனோம். எல்லோரும் அறுவை முடிந்து திரும்பினார்கள். இதற்கு மேடையும் ஃப்ளெக்ஸும் இல்லை. வேன் வாடகையும் சாப்பாடும்தான் செலவு. சர்க்கரை குறையாதவர்கள் மூன்று பேரும், இப்போது வேண்டாம் என்றவர்கள் ஆறு பேரும் பாக்கி.

அடுத்த கூட்டத்தில் இரண்டாவது முகாம் பற்றிய பேச்சு வந்தது. மூன்று கூட்டம் அதிலேயே போனது. என் செயலாளர் காலத்தில் உறுப்பினர்கள் இவ்வளவு ஆர்வமாக வந்து வாதாடிய கூட்டம் வேறு இல்லை.

பெரிய சண்டை நோட்டீஸில் புகைப்படம் பற்றித்தான். யார் படமும் வேண்டாம், எழுத்து மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கட்டும் என்று சொன்னதும், ஆண்டுதோறும் அச்சுச் செலவை ஏற்கும் உறுப்பினர், "அப்ப நான் எதுக்கு?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஊரில் கடை நடத்துகிறவருக்கு அது விளம்பரம், அந்த நம்பிக்கையில்தான் பணம் கொடுக்கிறார். சமாதானமாக ஒரு யோசனை வந்தது: நன்கொடையாளர் பெயரும் படமும் கூட்ட ஹாலில், முகாம் முடிந்த மறுவாரம், பொன்னாடையோடு. நோட்டீஸில் கிடையாது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை, விலகிக்கொண்டார். அச்சுச் செலவை இரண்டு டாக்டர்களும் பகிர்ந்துகொண்டார்கள். புது நோட்டீஸில் இருந்தது ஆறே வரி: தேதி, இடம், நேரம்; தேர்வானால் அன்றே பஸ், மூன்று நாள் தங்கல், எல்லாம் இலவசம்; மாற்றுத்துணி, ஆதார் நகல், சாப்பிடும் மாத்திரை கொண்டுவரவும்; வீட்டில் சொல்லிவிட்டு வரவும்.

தொடக்க விழாவை அடியோடு எடுத்துவிடத் தலைவருக்கு மனமில்லை. முகாம் 8 மணிக்குத் தொடங்கும், தலைமை விருந்தினர் எப்போது வந்தாலும் வந்து பார்ப்பார், பேச்சு கிடையாது என்று முடிவாயிற்று. மேடை போடவில்லை. மேடை இல்லாவிட்டால் பேச்சு தானாக நின்றுவிடும் என்று ஆடிட்டர் சொன்னது பலித்தது.

சர்க்கரை விஷயத்தில் செவிலியர் அம்மாவின் வழிதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே போய் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் பெண் பணியாளர்கள் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கிறார்கள். யாருக்கு என்ன நோய் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுமதி கேட்டு, முகாமுக்கு ஒரு மாதம் முன்பே கண் மங்கலான, சர்க்கரை உள்ளவர்களிடம் மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டோம்.

தேதிக்கு ஊர் ஊராக ஆள் அனுப்பினோம். ஊர்ப் பெரியவர்களிடமும் கோயில் பூசாரிகளிடமும் திருவிழாத் தேதி கேட்டுக் குறித்தோம். தைப்பூசமும் முடிந்துவிடும் என்று பார்த்து, 2024 பிப்ரவரி முதல் ஞாயிறு.

இதற்கு நடுவில் கூட்டம் நடக்கும் முறையும் மாறியது. விருந்தினர் பேச்சு முதலில், சடங்கெல்லாம் பிறகு. 25 நிமிடப் பேச்சு, 15 நிமிடக் கேள்வி. பேச்சாளரை அழைக்கும்போதே ஒரு கேள்வியை எழுதி அனுப்புவோம். டிசம்பரில் ஒரு விருந்தினர் வந்தார். அக்டோபர் வேனில் போய் அறுவை செய்துகொண்ட அம்மா, புளி தட்டுகிற வேலை செய்பவர். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே மூன்று நிமிடம் பேசினார். புரை இருந்தபோது கொட்டை எங்கே இருக்கிறது, விரல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சுத்தியலைப் போட்டுக்கொண்ட கதையைச் சொல்லி, இடது ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். நகம் கோணலாக வளர்ந்திருந்தது. அன்று கேள்வி நேரம் அரை மணியைத் தாண்டியது. பரோட்டா ஆறிப்போனது, யாரும் குறை சொல்லவில்லை. பயந்தவர்கள் இரண்டு பேரையும் பிப்ரவரி முகாமுக்கு வரச் சம்மதிக்க வைத்தவரும் அவர்தான்.

பிப்ரவரி முகாமும் பிறகு நடந்ததும்

பதிவு 263. ஜூலையைவிட 149 குறைவு. தலைவர் முகம் வாடிப்போனது உண்மை. ஆனால் 8.10க்கு முதல் ஆளைப் பார்த்துவிட்டார்கள், 12.30 பஸ்ஸுக்கு முன்பே பாதிப் பேருக்கு மேல் முடிந்துவிட்டது. தேர்வானவர்கள் 58. பஸ் ஏறியவர்கள் 49.

பாக்கி ஒன்பது பேர் பெயரை அன்று மாலையே ஒரு நோட்டில் எழுதினோம். தெரு, அடையாளம், வீட்டில் யாருடைய கைப்பேசி எண் என்பது வரை. சங்கத்தில் அதற்கு எக்ஸ் நோட்டு என்று பெயராகிவிட்டது. ஒரு மாதம் கழித்து நடந்த மறுபரிசோதனைக்கும் நாங்களே ஞாபகப்படுத்தி வேன் வைத்தோம். 49 பேரில் 44 பேர் வந்தார்கள். ஜூலையில் போன 38 பேரில் எத்தனை பேர் மறுபரிசோதனைக்குப் போனார்கள் என்பதை நாங்கள் கேட்கவே இல்லை.

ஒன்பது எக்ஸில் ஏழு பேர் பெண்கள், மலையடிவாரத்து இரண்டு ஊர்க்காரர்கள். அந்த வாரமே போய்க் கேட்டோம். எங்கள் பக்கம் தை பிற்பாதியிலிருந்து பங்குனி, சித்திரைவரை புளி சீசன். பழம் உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து மண்டிக்குப் போகும்வரை பெண்களுக்கு அதுதான் ஆண்டின் பெரிய வருமானம். அறுவை செய்தால் சில வாரம் தூசியில் உட்காரக்கூடாது என்கிறார்கள். யார் போவார்கள்?

ஆடித் திருவிழாவிலிருந்து தப்பிக்கிறோம் என்று நேராகப் புளி சீசனில் போய் விழுந்திருக்கிறோம். தேதி கேட்கப் போனபோது நாங்கள் பேசியது ஊர்ப் பெரியவர்களிடமும் பூசாரிகளிடமும். அத்தனை பேரும் ஆண்கள். கோயில் தேதி கேட்டோம், சொன்னார்கள். வேலைத் தேதியைக் கேட்கவில்லை. டிசம்பரில் புளி தட்டுகிற அம்மாவை மேடையில் நிறுத்திக் கைதட்டியபோதுகூட, புளி எப்போது வரும் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிற்பாடு அவரிடம் சொன்னபோது, "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி" என்றார்.

சித்திரை கழிந்து, ஏழு பேரில் ஐந்து பேர் மருத்துவமனையின் வேறொரு முகாம் பஸ்ஸில் போய்வந்தார்கள்.

ஜூனில் மாவட்ட அளவிலான விருது வழங்கும் விழா. படிவத்தில் 'பயனாளிகள் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். சேவைச் செயல்பாடுகளில் எங்கள் இடம் முந்தைய ஆண்டைவிடக் கீழே போனது. எக்ஸ் நோட்டுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அச்சுச் செலவு கொடுத்து வந்தவர் ஜூலையில் உறுப்பினர் கட்டணத்தைப் புதுப்பிக்கவில்லை. கூட்டத்துக்கு வருபவர்கள் 17லிருந்து 23, 24 ஆனார்கள். அதற்கு முகாம் காரணமா, சாப்பாட்டு நேரம் 9 மணிக்கு முன்னால் வந்தது காரணமா என்று என்னால் சொல்ல முடியாது.

மறுபடி செய்தால்

முகாம் தேதியை முதலில் பெண்களிடம் கேட்போம். புளி தட்டும் களத்துக்கும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கும் போய்க் கேட்போம். அதை நவம்பரிலேயே செய்திருக்க வேண்டும்.

பதிவு மேசையில் உட்காருகிறவர் அந்தந்த ஊரைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பிப்ரவரியிலும் இதை முழுதாகச் செய்யவில்லை. கல்லூரி மாணவர்களை உட்காரவைத்தோம். நன்றாக எழுதினார்கள், ஆனால் 'மேலத்தெரு' என்றால் எந்த மேலத்தெரு என்று திருப்பிக் கேட்க அவர்களுக்குத் தெரியவில்லை.

பஸ் ஏறாதவர் ஒவ்வொருவரிடமும், அவர் பள்ளிக்கூட வாசலைத் தாண்டுவதற்கு முன் ஒருவர் பேச வேண்டும். மறுநாள் வீட்டுக்குப் போய்க் கேட்பதைவிட இது எளிது. கண் சிவந்தாலோ வலித்தாலோ உடனே கூப்பிட ஒரு எண்ணைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். பிப்ரவரியில் கொடுத்தோம். ஜூலையில் கொடுக்கவில்லை.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்த ஊர்ப் பெண்கள் சொன்ன நல்ல காலம் வைகாசி. புளி முடிந்திருக்கும், ஆடி வந்திருக்காது. வைகாசி என்றால் மே பாதியிலிருந்து ஜூன் பாதிவரை, அதாவது தலைவர் இறங்கப்போகும் நேரம். மாவட்ட அறிக்கை அதற்குள் கிட்டத்தட்ட போய்விடும். புகழ் பழைய தலைவருக்கும் போகாது, புதியவருக்கும் போகாது. 2024 ஜூலையில் வந்த தலைவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். முதல் நிகழ்ச்சியாக ஜூலை கடைசி ஞாயிறு ரத்ததான முகாம் வைத்துக்கொண்டார். அதற்கு யாரும் வெளியூரில் தங்க வேண்டியதில்லை. கண் முகாமை வைகாசிக்குத் தள்ள ஒப்புக்கொண்டார்.

எக்ஸ் நோட்டைப் புதுச் செயலாளரிடம் கொடுத்தேன். அதில் அப்போது அடிக்காமல் இருந்த பெயர்கள் நான்கு. இரண்டு பேர் பிப்ரவரியில் வராத ஆண்கள். மற்ற இருவரும் மலையடிவாரத்துப் பெண்கள். அவர்களில் ஒருவர் பெயருக்கு எதிரே செவிலியர் அம்மா பென்சிலில் எழுதியிருந்தார்: 'மகள் பிரசவம் ஆவணியில். அதுக்கப்புறம் கேக்கணும்.'